கறவை ஆட்டுக்கு என்ன வாங்குவது? முதலில் என்ன தொந்தரவு என்று பாருங்கள்

வீட்டுக்கு இரண்டு கறவை ஆடு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மெஷின் நல்லது?" என்பதுதான். நானும் அதையேதான் கேட்டேன். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் தலைச்சேரிக் கலப்பு ஆடு இரண்டு, இரண்டுமே தலையீற்று, காம்பு சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. முதல் வாரம் கறந்த பாலில் பாதி என் கைலியிலும் மீதி தரையிலும் போனது. பதற்றத்தில் ஒரு மெஷினை வாங்கிவிட்டேன், அந்தக் கதை கடைசியில் வரும். அதற்கு முன் வாங்கியிருக்க வேண்டியவை வேறு, அவற்றில் பாதி வீட்டிலேயே கிடந்தன.

அதனால் இங்கே பொருள் பட்டியல் போடப்போவதில்லை. என்ன தொந்தரவு, அது எதனால் வருகிறது, அதற்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் ஆட்டிடம் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

ஆடு நிற்க மாட்டேன் என்கிறது, உதைக்கிறது, பாத்திரத்துக்குள் கால் வைக்கிறது

புதிதாகக் கறப்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிரச்சினை இதுதான். மாட்டைப் போல ஆட்டைத் தூணில் கட்டிவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மடி உங்கள் முழங்காலுக்குக் கீழே இருக்கும், குனிந்தால் முதுகு போகும், நிமிர்ந்தால் காம்பு எட்டாது, இதற்கிடையில் ஆடு தூணைச் சுற்றி ஒரு வட்டம் வந்துவிடும். நான் இப்படிப் போராடிக்கொண்டிருந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்த அப்பத்தா, "ஏன்டா, ஆட்டைக் கறக்குறியா, மல்லுக்கட்டுறியா?" என்று கேட்டது.

இதற்கு மருந்து கறவை பெஞ்சு. ஆட்டுக் கறவைக்கு ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால் இதற்குச் செலவழியுங்கள். பலகை மூன்றரை அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி உயரம். ஜமுனாபாரி போன்ற உயரமான ஆடு என்றால் ஒன்றேகாலோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பக்கம் இரண்டு செங்குத்துச் சட்டங்கள், ஒன்று அசையாதது, மற்றொன்று கீழே ஒரே போல்ட்டில் ஆடக்கூடியது. ஆடு தலையை நுழைத்ததும் ஆடும் சட்டத்தை நிமிர்த்தி மேலே ஒரு கொக்கி போட்டுவிட வேண்டும். பூட்டிய பிறகு நடுவில் நாலு அங்குல இடைவெளி இருந்தால் கழுத்து தாராளமாக அசையும், தலை மட்டும் வெளியே வராது. கொம்புள்ள ஆடு என்றால் சட்டத்தின் மேல்பாகம் அகலமாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு சிக்கி ஆடு மிரண்டு, அடுத்த நாள் பெஞ்சைக் கண்டாலே ஓடும். பழைய கட்டில் சட்டம், லாரி பாடிப் பலகை எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். பலகை வழுக்கக்கூடாது என்பதுதான் முக்கியம், ஒரு சாக்கையோ பழைய ரப்பர் பாயையோ ஆணியடித்துவிடுங்கள். குளம்பு ஒருமுறை வழுக்கிய ஆட்டுக்கு அந்தப் பயம் மறக்க ஒரு வாரம் ஆகும்.

பெஞ்சில் ஏறிய ஆடு தீவனம் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக நிற்கும், தீர்ந்த மறு நொடியே காலைத் தூக்கும். நீங்கள் இன்னும் பாதிகூடக் கறந்திருக்க மாட்டீர்கள். தட்டில் எலுமிச்சம்பழ அளவில் நாலைந்து கூழாங்கல்லைப் போட்டு அதன்மேல் தவிடும் புண்ணாக்கும் கொட்டுங்கள். கல்லைத் தள்ளித் தள்ளித்தான் தின்ன வேண்டியிருக்கும் என்பதால் அதே இருநூறு கிராம் இரண்டு மடங்கு நேரம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் உதைக்கிறது, அதுவும் நேற்று வரை நின்ற ஆடு இன்று உதைக்கிறது என்றால் கயிற்றைத் தேடாதீர்கள், காம்பைப் பாருங்கள். வெடிப்பு, சிரங்கு, குட்டியின் பல் பட்ட காயம், சூடான மடி, இல்லாவிட்டால் உங்கள் நகம். ஈத்தொல்லையும் ஒரு காரணம், மாலை வேளையில் வேப்பிலை மூட்டம் போட்ட அன்றும் போடாத அன்றும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். வலி எதுவுமில்லை, வெறும் பழக்கக்கேடுதான் என்று உறுதியானால் மட்டும் பின்னங்கால்கள் இரண்டையும் முட்டிக்கு மேலே துணிப்பட்டையால் எட்டுப் போலத் தளர்வாகச் சுற்றலாம். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம்.

பாத்திரம் மடிக்குக் கீழே நுழையவில்லை, தொட்டாலே கவிழ்கிறது

மாட்டுக்கு வைத்திருக்கும் வாளி ஆட்டுக்கு ஆகாது. செம்பும் ஆகாது, அதன் வாய் குறுகல். சிறிய காம்பிலிருந்து பால் எந்தப் பக்கம் பீச்சும் என்று முதல் மாதம் யாராலும் சொல்ல முடியாது, அதனால் வாய் ஆறேழு அங்குலம் அகலமாகவும், உயரம் ஐந்து அங்குலத்துக்குள்ளும், அடி தட்டையாகவும் உள்ள ஒன்றரை இரண்டு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் போதும். பெரும்பாலான சிறிய ஆடுகள் ஒரு வேளைக்கு ஒரு லிட்டரைத் தாண்டாது, கன்னி, கொடி என்ற நாட்டு ரக ஆடுகள் குட்டிக்குப் போக அரை லிட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம்.

எவர்சில்வரே ஏன் என்றால், பிளாஸ்டிக்கில் தேய்க்கத் தேய்க்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதற்குள் பால் தங்கும். அலுமினியம் புளிப்புக்கும் சோடாவுக்கும் அரிக்கும். பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரம் பார்க்க அழகு, ஆனால் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் செம்பு பாலில் இறங்கிக் கொழுப்பைக் கெடுக்கும், பழைய எண்ணெய் வாடை அடிக்கும். எவர்சில்வரில் 304 என்று முத்திரை இருப்பது துருவை நன்றாகத் தாங்கும். கடைக்காரர் காந்தத்தை வைத்து "பாருங்க, ஒட்டவே இல்லை" என்று காட்டினால் மயங்காதீர்கள், மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

பாத்திரத்தை வாங்கும்போது இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும், அதன் விளிம்பு. அது ஏன் என்று நாற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

காம்பை அழுத்துகிறேன், பால் வரவில்லை

வெறும் கையோடு தீர வேண்டிய விஷயம் இது. இங்கேதான் நிறையப் பேர் மெஷினுக்கு ஓடுகிறார்கள். காம்பில் பால் நிறைந்திருக்கிறது, அழுத்தினால் காம்பு தட்டையாகிறது, பாத்திரத்தில் மட்டும் ஒன்றும் விழவில்லை என்றால் பால் மேலே மடிக்கே திரும்பிப் போகிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து காம்பின் மேற்பகுதியை, அது மடியோடு சேரும் இடத்தில், முதலில் மூட வேண்டும். அந்தக் கதவு மூடிய பிறகு நடுவிரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக மடக்கினால் பால் கீழேதான் போயாக வேண்டும். பிறகு மேல் விரல்களைத் திறந்தால் காம்பு மறுபடி நிரம்பும். தலையீற்று ஆட்டின் காம்பில் இரண்டு விரலுக்குத்தான் இடமிருக்கும், அப்படியென்றால் இரண்டு விரலிலேயே கறங்கள். ரப்பர் கையுறை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஒரு விரல் நுனியில் ஊசியால் குத்திக் கட்டித் தொங்கவிட்டுப் பழகினால் ஆடு பாவம் பிழைத்துக்கொள்ளும்.

காம்பைப் பிடித்துக் கீழே இழுப்பதும், கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் கணுவால் நெரிப்பதும் கிராமத்தில் சகஜம். இரண்டும் காம்பின் உள்தோலைக் காயப்படுத்தும். விரலைப் பாலில் தொட்டுக்கொண்டு கறப்பதும் அப்படித்தான், ஈரம் காய்ந்து காம்பு வெடிக்கும், கையிலிருக்கும் அழுக்கும் காம்பு நுனி வழியாக உள்ளே போகும். வழவழப்பு வேண்டுமென்றால் கறந்து முடித்த பிறகு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

பால் கோணலாகப் பீச்சினால் காம்பு நுனியில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும், வெதுவெதுப்பான துணியால் துடைத்தாலே நேராகிவிடும். குட்டி போட்ட புதிதில் துவாரத்தை மெழுகு போல ஒன்று அடைத்திருக்கும், அதுவும் நாலு அழுத்தில் வந்துவிடும். எது அடைத்திருந்தாலும் ஊசி, ஈர்க்குச்சி என்று எதையும் துவாரத்துக்குள் விட்டுப் பார்க்காதீர்கள்.

"பாலை அடக்கிக்கொள்கிறது" என்ற புகாரும் வரும். நாட்டு மாட்டுக்கும் எருமைக்கும் கன்று வந்து முட்டினால்தான் சுரப்பு இறங்கும். ஆடு அந்த அளவுக்கு அடம் பிடிக்காது, பாலில் பெரும்பகுதியை மடியின் கீழ் அறையிலேயே சேர்த்து வைத்திருக்கும். கறப்பதற்கு முன் மடியை வெதுவெதுப்பான துணியால் அரை நிமிடம் துடைத்துவிட்டால் போதும், அதுவே குட்டி முட்டிய கணக்கு. ஆனால் துடைத்துவிட்டுப் போன் பேசப் போய்விடாதீர்கள், அந்தச் சுரப்பு சில நிமிடம்தான் நிற்கும். மடி நிஜமாகவே காலியாக இருந்தால் குட்டி உங்களுக்கு முன்னால் எழுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரம் ஆன குட்டியை இரவில் பஞ்சாரத்திலோ தனி அடைப்பிலோ விட்டுவிட்டுக் காலையில் கறந்து, அதன்பின் குட்டியை அவிழ்த்துவிட்டால் பகல் முழுக்க அது குடித்துக்கொள்ளும். குட்டி குடிக்காமலிருக்கக் காம்பில் சாணி பூசுவார்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம். மடிநோயைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போல ஆகும். அதற்குப் பதில் மடியை மூடுகிற மாதிரி துணியில் ஒரு பை தைத்து முதுகோடு கட்டிவிட்டால் மேய்ச்சலுக்குப் போகும்போதும் பயன்படும்.

பால் நாறுகிறது

"ஆட்டுப்பால்னாலே கவிச்சிதானே" என்று சொல்லிவிட்டு விலகிப் போகிறவர்கள்தான் அதிகம். சுத்தமாகக் கறந்த ஆட்டுப்பால் பசும்பாலிலிருந்து கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சாதுவாக இருக்கும். வாடை வந்தால் எங்கோ ஓர் இடத்தில் அது நுழைகிறது, அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்.

நாலு கண்ணாடித் தம்ளரைக் கொதிநீரில் அலசி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வலது காம்பிலிருந்து நேராக, இரண்டாவதில் இடது காம்பிலிருந்து நேராக, மூன்றாவதில் கறவைப் பாத்திரத்திலிருந்து, நாலாவதில் வடிகட்டிய பிறகு. நாலையும் உடனே மோந்து பாருங்கள். பிறகு தனித்தனியாக மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மறுபடி மோந்து பாருங்கள். காய்ச்சாத பால் என்பதால் வாயில் வைக்க வேண்டாம், மூக்கு போதும்.

ஒரு காம்பில் மட்டும் வாடை என்றால் அந்தப் பக்க மடியில் நோய் ஆரம்பித்திருக்கலாம். இரண்டு காம்பிலும் அடித்தால் தீவனத்தையும் கிடாவையும் யோசியுங்கள். கறப்பதற்குச் சற்று முன் வெங்காயத்தாள் தின்ற ஆடு அதைப் பாலில் காட்டிக்கொடுத்துவிடும், அந்தத் தழையைக் கறந்த பிறகு போட்டால் சரியாகிவிடும். கிடா சீசனில் வாடை அதன் உடம்பிலிருந்து உங்கள் கைக்கும், கையிலிருந்து பாலுக்கும் வரும், முதலில் ஆட்டைக் கறந்துவிட்டுப் பிறகு கிடா பக்கம் போங்கள்.

காம்பில் நல்ல வாசம், பாத்திரத்தில் கெட்ட வாசம் என்றால் குற்றவாளி பாத்திரம்தான். எனக்கு நடந்தது இதுதான். கழுவாத நாளே இல்லை, சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும், ஆனாலும் மூன்றாவது தம்ளர் மட்டும் நாறியது. ஒருநாள் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்தபோது, கல்லின்மேல் பாத்திரத்தின் விளிம்பு பட்ட இடத்தில் வட்டமாக வெள்ளைக் கறை. நம் கடைகளில் கிடைக்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு விளிம்பை வெளிப்பக்கம் சுருட்டி மடித்திருப்பார்கள், கையைக் கிழிக்காமலிருக்க. அந்தச் சுருட்டலுக்குள் நூலிழை அளவு சந்து. கறக்கும்போது அதற்குள் போன பால் எந்தப் பிரஷ்ஷுக்கும் எட்டாமல் உள்ளேயே புளித்து, வெயிலில் சூடானதும் வெளியே வடிந்திருக்கிறது. ஒரு சேஃப்டி பின்னை விட்டுச் சுரண்டினேன், நுனியில் பாலாடைக்கட்டி போல ஒட்டிக்கொண்டு வந்தது. விளிம்பு முழுக்க அடைத்து வார்த்த பாத்திரம், அல்லது சுருட்டாமல் தடிமனாக மழுக்கிய விளிம்புள்ள பாத்திரம் மாற்றியதும் நாற்றம் போன இடம் தெரியவில்லை.

கழுவுவதிலும் வரிசை இருக்கிறது. எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டும். கறந்தவுடன் முதலில் சாதாரணத் தண்ணீரில் அலசி, பிறகு சுடுநீரும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும், கடைசியில் நல்ல தண்ணீர். கம்பிச் சுருள் போட்டுத் தேய்க்காதீர்கள், அது கீறும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் ஒரு மாதத்தில் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகச் சொரசொரப்பு ஏறிவிடும். பாலின் சுண்ணாம்பும் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்த படிவு அது, சோப்புக்கு அசையாது. வாரம் ஒருமுறை வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுத் தேய்த்தால் போய்விடும். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துகிறவர்கள் அதையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், வரும் புகை விஷம்.

நாலு தம்ளரும் புதிதில் நன்றாக இருந்து மறுநாள்தான் வாடை அடிக்கிறதா? அப்போது பாத்திரத்தின் மேல் பழி போடாதீர்கள். பாலிலேயே கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது, அது உடைத்துவிடும் சில கொழுப்பு அமிலங்களுக்குத்தான் அந்த ஆட்டு வாடை. கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று அவற்றின் பெயர்களே ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. பச்சைப்பாலைக் குலுக்குவதும் உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றுவதும் அந்த வேலையைத் துரிதப்படுத்தும், ஆற்றுகிற ஆசையைக் காய்ச்சிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கறந்த உடனே காய்ச்சினால் அந்த நொதி செத்துவிடும். காய்ச்ச நேரமில்லை என்றால் பாத்திரத்தை அப்படியே ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் இறக்கிக் குளிர வைத்து, பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். சூடான பாலை நேராக ஃபிரிட்ஜில் வைத்தால் அது குளிர மணிக்கணக்கில் ஆகும். காலைப் பாலோடு மாலைச் சூட்டுப் பாலைக் கலப்பதும் அதே தப்பு.

பாலில் முடி, தூசி

ஆட்டின் வயிற்று முடியும் மடி முடியும்தான் விழும். கத்திரியால் மடியைச் சுற்றி ஒட்ட வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. டீ வடிகட்டி முடியைப் பிடிக்கும், தூசியைப் பிடிக்காது. வெளுத்த பழைய மல் வேட்டியை நாலாக மடித்தால் நல்ல வடிகட்டி, ஒவ்வொரு வேளையும் துவைத்துக் கொதிக்கவைத்து வெயிலில் காயப்போட வேண்டும், மாதத்துக்கு ஒன்று கிழித்துக்கொள்ளுங்கள். வடிகட்டினால் அழுக்குதான் போகும், கிருமி போகாது. வடித்த துணியை உடனே அலசிவிடாமல் ஒரு நொடி விரித்துப் பாருங்கள். சாணித் துகள் இருந்தால் நீங்கள் மடியைத் துடைத்த லட்சணம் தெரியும், வெள்ளையாகத் திரித்திரியாக இருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

பாலில் கட்டி, தண்ணீராகப் பால், ஒருபக்க மடி கனம்

இதற்கான கருவி உங்கள் சமையலறையில் இருக்கலாம். காம்பின் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்பான ஒன்றின் மேல் விட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் பயன்படுத்துவது ஓட்டை விழுந்த பழைய இரும்புத் தோசைக்கல். கறுப்பின் மேல் பால் ஒரே சீராக வழிந்தால் நல்லது, அரிசிக் குருணை போலத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் மடிநோய். வெள்ளைப் பாத்திரத்திலும் பளபளக்கும் எவர்சில்வரிலும் இது கண்ணில் படாது.

கண்ணுக்குத் தெரியாத மடிநோய்க்குச் சலவைத்தூள் சோதனை இருக்கிறது. நூறு மில்லி தண்ணீரில் மூன்று கிராம் சலவைத்தூள் கரைத்து, ஒவ்வொரு பக்கப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு கரைசல் சேர்த்து ஒரு நிமிடம் சுழற்றினால் நோயுள்ள பால் சளி போலக் கெட்டிப்படும். மாட்டுக்கு எழுதிய அளவை ஆட்டுக்கு அப்படியே வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். இப்படிக் கெட்டிப்படக் காரணமான செல்கள் ஆட்டுப்பாலில் இயல்பாகவே கூடுதல், நல்ல ஆட்டிலும் லேசாகக் கெட்டிப்படும். இரண்டு கிண்ணத்தையும் ஒப்பிடுங்கள், ஒன்று தண்ணீராகவும் மற்றொன்று கூழாகவும் இருந்தால்தான் கவலை.

வராமலிருக்க வாங்க வேண்டியது ஒரு பாட்டில் போவிடோன் அயோடின். மெடிக்கலில் 5 சதவீதம் என்று எழுதிக் கிடைப்பதை அப்படியே பயன்படுத்தலாம், 10 சதவீதம் என்றால் சம அளவு காய்ச்சி ஆறிய தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். டானிக் பாட்டிலோடு வரும் அளவு மூடியில் கொஞ்சம் ஊற்றி, கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் முழுக்க முக்கி எடுங்கள், மீதியைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். கறந்த பின் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும், அதுவரை ஆடு படுக்காமலிருக்க ஒரு கை அகத்தியோ வேலிமசாலோ போட்டு நிற்க வையுங்கள். குட்டியை உடனே விடப்போகிறீர்கள் என்றால் இந்த முக்கல் தேவையில்லை.

மடி சூடாக, கல் போல, தொட்டால் துள்ளுகிறது என்றால் அன்றே கால்நடை மருத்துவர். மடி சில்லென்று, நீலமாகவோ கறுப்பாகவோ மாறுகிறது, ஆடு சோர்ந்து படுத்துவிட்டது என்றால் அன்று என்றுகூட இல்லை, அந்த மணியே. திசு அழுகும் வகை மடிநோய் அது, தாமதித்தால் ஆடே போய்விடும். மருந்தகம் தூரமென்றால் 1962 எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேளுங்கள். ஊசி போட்ட ஆட்டின் பாலை மருத்துவர் சொல்லும் நாள்வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

குட்டி போட்ட முதல் சில நாள் பால் லேசாக ரோஸ் நிறத்தில் வந்தால் மடியில் ஏதோ ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் விட்டிருக்கும், பெரும்பாலும் தானே சரியாகும். ஒரு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் காட்டுங்கள்.

காய்ச்சினால் திரிகிறது

குட்டி போட்டு நாலைந்து நாளுக்குள் என்றால் அது சீம்பால், திரியத்தான் செய்யும். அதற்குப் பிறகும் என்றால் பாத்திரத்தின் பழைய புளிப்பு, மடிநோய், அல்லது கறந்து வெகுநேரம் வெளியில் கிடந்த பால். பசும்பாலைவிட ஆட்டுப்பால் சூட்டைக் குறைவாகத்தான் தாங்கும், அதனால் மிதமான தீயில், அடி கனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள்.

திரிகிறதே என்று பச்சையாகக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். "ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடித்தால் இளைப்புக்கு நல்லது" என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கும். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் விட்டு விட்டு வரும் காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 வரை ஆனது. தெமிஸ்டோக்கிளிஸ் ஸாமிட் என்ற மால்டா மருத்துவர் பார்க்க ஆரோக்கியமாக இருந்த ஆடுகளிடமே அந்தக் கிருமியைக் கண்டார். புரூசெல்லா என்று இன்று சொல்கிறோம், நம்மூர் ஆடுகளிலும் உண்டு. பொங்கக் காய்ச்சினால் செத்துவிடும்.

கை வலிக்கிறது

முதல் பத்து நாள் எல்லோருக்கும் வலிக்கும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, முட்டி உயரத்துக்கு ஒரு முக்காலியில் உட்கார்ந்தால் தோளில் ஏறும் பாரம் குறையும். பத்து நாளுக்குப் பிறகும் மணிக்கட்டு வலித்தாலோ, ஆடு ஐந்தாறைத் தாண்டினாலோதான் மெஷினைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கணக்கு.

மெஷின் சரியாக இழுக்கவில்லை, காம்பு சிவக்கிறது

கறவை மெஷினில் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று இழுப்பு. மற்றொன்று அந்த இழுப்பை விட்டு விட்டுத் தருவது, குட்டி சப்பிவிட்டு மூச்சு வாங்குவது போல. ஆட்டுக்கு இழுப்பு 36 முதல் 40 கிலோபாஸ்கல், பாதரச அளவில் 270 முதல் 300 மில்லிமீட்டர். விட்டு விட்டு இழுப்பது நிமிடத்துக்கு 70 முதல் 90 தடவை. இந்த இரண்டையும் காட்டாத, மாற்ற முடியாத மெஷினை வாங்காதீர்கள். கையால் பம்ப் அடித்துச் சீசாவில் பால் சேர்க்கும் மலிவு ரகத்தில் இரண்டாவது வேலையே கிடையாது, காம்பு முழு நேரமும் இழுப்பிலேயே கிடக்கும், ரத்தம் கட்டும். ஊசி சிரிஞ்சை வெட்டிச் செய்கிறார்களே, அதுவும் அப்படித்தான்.

இருக்கிற மெஷின் கழன்று கழன்று விழுந்தால் குழாய் மூட்டுகளில் காற்றுக் கசிவு பாருங்கள், சோப்பு நுரை தடவினால் நுரை உள்ளே இழுக்கப்படும் இடம்தான் ஓட்டை. மாட்டு அளவு உறையை ஆட்டுக் காம்பில் மாட்டியிருந்தாலும் விழும். காம்பின் அடியில் வளையம் போலத் தடம், நுனியில் கருஞ்சிவப்பு இருந்தால் இழுப்பு அதிகம், இல்லாவிட்டால் பால் நின்ற பிறகும் நீங்கள் கழற்றவில்லை. குழாய்க்குள் மஞ்சளாகத் தெரிந்தால் அதைக் கழுவிக் காப்பாற்ற முயலாமல் மாற்றிவிடுங்கள்.

வாங்கியதைச் சோதிக்க எளிய வழி, உறைக்குள் உங்கள் கட்டைவிரலை விட்டு ஒரு நிமிடம் ஓட விடுவது. ஒழுங்கான மெஷின் விரலை அமுக்கி அமுக்கி விடுவது தெரியும். நான் வாங்கியதில் அந்த அமுக்கலே இல்லை, ஒரே இழுப்பு, இருபது விநாடியில் விரல் நுனி நாவல்பழ நிறமாகிவிட்டது. அன்றே கழற்றிப் பரணில் ஏற்றினேன். அதோடு வந்த கண்ணாடிப் பாட்டில் மட்டும் கீழே இருக்கிறது, அதில் ஆட்டுக்கு வைக்கும் தாது உப்பைப் போட்டு வைத்திருக்கிறேன்.